ஒரு டேப், பல கைகள்: வாசகர் கேள்வி – பதில்

பள்ளி, பட்டறை, எஸ்டேட், விடுதி என்று ஒரே டேப்லெட்டைப் பலர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் இடங்களிலிருந்து நிறையக் கேள்விகள் வந்துள்ளன. சேலம் டவுன், ஏற்காடு மலை, ஓமலூர், ஆத்தூர் பக்கங்களிலிருந்து வந்தவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் 15 ஆண்ட்ராய்டு டேப் வாங்கித் தந்தார்கள். அவசரத்தில் எல்லாவற்றிலும் என் சொந்த ஜிமெயிலைப் போட்டுத் திறந்துவிட்டேன். இப்போது எங்கள் வீட்டு விசேஷப் படங்களெல்லாம் பிள்ளைகள் கையிலிருக்கும் டேப்பில் தெரிகின்றன. ஒரு பையன் எதையோ அழிக்கப் போய், என் போனிலிருந்தும் படங்கள் போய்விட்டன. 6, 7, 8 என மூன்று வகுப்புகள் இந்த டேப்களைப் பயன்படுத்துகின்றன. எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?
— ஆசிரியை, ஏற்காடு

பதில்: அம்மா, முதலில் படங்களை மீட்டுவிடுங்கள். கூகுள் போட்டோஸில் 'ட்ராஷ்' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். பேக்கப் ஆன படம் அழிக்கப்பட்ட பிறகும் 60 நாள் அங்கே இருக்கும். பேக்கப் ஆகாத படத்துக்கு 30 நாள்தான். வேண்டியதைத் தொட்டு 'ரீஸ்டோர்' கொடுத்தால் திரும்ப வந்துவிடும்.

15 டேப்பில் ஒரே கணக்கு என்றால், கூகுளின் பார்வையில் அந்தப் பதினைந்தும் உங்களுடையவை. ஒன்றில் அழித்தால் எல்லாவற்றிலும் அழியும். ஒன்றில் தேடியது உங்கள் போனிலும் தேடலாக நிற்கும். உங்கள் தொடர்பு எண்கள், குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாமே பிள்ளைகள் கைக்கு எட்டும். ஆகவே கணக்கை எடுப்பதுதான் முதல் வேலை. அதையும் சரியான வரிசையில் செய்ய வேண்டும். வரிசை தவறினால் டேப் பூட்டிக்கொள்ளும்.

பிள்ளைகள் செய்த வேலைகளை ஒரு பென் டிரைவிலோ கணினியிலோ பிரதி எடுத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு டேப்பிலும் செட்டிங்ஸில் 'அக்கவுன்ட்ஸ்' சென்று உங்கள் கணக்கை நீக்குங்கள். அதன் பிறகே செட்டிங்ஸ் வழியாக ஃபேக்டரி ரீசெட், அதாவது எல்லாவற்றையும் அழித்து டேப்பைப் புதிதுபோல் ஆக்குவது. பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்தி ரீசெட் செய்யாதீர்கள். கணக்கு உள்ளே இருக்கும்போது அப்படிச் செய்தால், திருட்டு டேப் என்று கருதிப் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். ஆண்ட்ராய்டு 5.1 முதல் இந்தப் பூட்டு உண்டு. பாஸ்வேர்டை மாற்றுவது கடைசி வேலை. மாற்றிய கையோடு ரீசெட் செய்யக் கூடாது, 24 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்பது கூகுள் சொல்லும் விதி. பதினைந்தும் முடிந்ததும் உங்கள் போனில் கூகுள் கணக்கின் 'செக்யூரிட்டி' பக்கத்தில் 'யுவர் டிவைசஸ்' பட்டியலைப் பாருங்கள். ஏதாவது டேப் இன்னும் தெரிந்தால் அங்கிருந்தே வெளியேற்றிவிட்டு, பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

அடுத்து, பள்ளிக்கென்று ஒரு கணக்கு. அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்குக் கூகுள் வொர்க்ஸ்பேஸ் ஃபார் எஜுகேஷனின் அடிப்படைத் திட்டம் இலவசம். பள்ளியின் பெயரில் ஓர் இணைய முகவரி மட்டும் வேண்டும். பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கணக்கு கொடுக்க அதுதான் முறையான வழி. பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டு 11 வயதுப் பிள்ளைக்குச் சாதாரண ஜிமெயில் தொடங்கிக் கொடுக்காதீர்கள். சொந்தமாக ஜிமெயில் வைத்துக்கொள்ள இங்கே 13 வயது ஆக வேண்டும். மேலும் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. சேர்க்கைப் படிவத்தோடு ஓர் ஒப்புதல் தாளும் வாங்கிவிடுங்கள்.

இனி மூன்று வகுப்பு விஷயம். ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் 4.2 பதிப்பிலிருந்தே பல பயனர் வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் 'சிஸ்டம்' அல்லது 'அக்கவுன்ட்ஸ்' பகுதிக்குள் 'மல்டிபிள் யூசர்ஸ்' அல்லது 'யூசர்ஸ்' என்று இருக்கும். சில கம்பெனிகள் அதை எடுத்துவிடுகின்றன, எத்தனை பேர் என்ற வரம்பையும் அவர்களே வைக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு யூசர் என்று போகாதீர்கள். 3 ஜிபி ரேம் உள்ள டேப் அதைத் தாங்காது. வகுப்புக்கு ஒரு யூசர் போதும். டேப்களுக்கு 1 முதல் 15 வரை எண் ஒட்டுங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் வரிசை எண் 7 உள்ள பிள்ளைக்கு 7-ஆம் டேப், எப்போதும் அதே டேப். '7-ஆம் டேப், எட்டாம் வகுப்பு யூசர்' என்றால் அது ஒரே ஒரு பிள்ளையைத்தான் குறிக்கும். டேப்புக்கு மூன்று யூசரில் 45 பிள்ளைகளின் வேலை தனித்தனியாக நிற்கும். வகுப்பில் 30 பேர் என்றால் இருவருக்கு ஒன்று. 7-ஆம் எண்ணும் 22-ஆம் எண்ணும் ஜோடி.

செய்யும் முறை: ரீசெட்டுக்குப் பின் முதலில் திறக்கும் யூசர்தான் டேப்பின் உரிமையாளர். அதை நீங்கள் வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குச் சொல்லாத 6 இலக்கப் பின் போடுங்கள். பிறகு மூன்று யூசர் சேருங்கள். புது யூசரில் டேப்போடு வந்த செயலிகள் மட்டுமே இருக்கும். மற்றவற்றைப் பள்ளிக் கணக்கால் ஒவ்வொரு யூசரிலும் ஒருமுறை இறக்க வேண்டும். இறக்கியதும் அந்தக் கணக்கில் போட்டோ, தொடர்புகள், குரோம் சிங்க் எல்லாவற்றையும் அணையுங்கள். பாடம் முடிந்ததும் மேலிருந்து திரையை இழுத்து, ஆள் படத்தைத் தொட்டு அடுத்த வகுப்புக்கு மாற்றலாம். மாறும்போது டேப் அரை நிமிடம் திணறினால், முந்தைய யூசர் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பாடவேளை முடிவில் டேப்பை ஒருமுறை அணைத்துப் போடும் பழக்கம் வைத்தால் இது வராது.

'கெஸ்ட்' யூசரைக் கண்காட்சிக்கும் பெற்றோர் கூட்டத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வெளியேறும்போது அதிலிருப்பது அழிந்துவிடும். பிள்ளை வரைந்த படமும் அதோடு போகும்.

கேள்வி: கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். கொடுத்த எடை, திரும்பிய எடை, சேதாரம் மூன்றையும் டேப்பில் ஒரு ஷீட்டில் போடுகிறோம். மூன்று டேப், 12 பேர், எல்லோருக்கும் ஒரே பின். போன மாதம் 40 கிராம் குறைந்தது. யார் மாற்றினார்கள் என்று ஷீட்டின் பழைய பதிவைப் பார்த்தால் எல்லா இடத்திலும் ஒரே பெயர்தான் இருக்கிறது. கைரேகை வைத்தால் சரியாகுமா?
— பட்டறை உரிமையாளர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: ஆகாது ஐயா. ஷீட்டின் வெர்ஷன் ஹிஸ்டரி கணக்கின் பெயரைத்தான் எழுதும். யாருடைய விரல் தொட்டது என்று அதற்குத் தெரியாது. ஒரே கணக்கில் 12 பேர் வேலை செய்தால் 12 பேரும் அதற்கு ஒருவரே. கைரேகையும் அப்படித்தான். ஒரு யூசரில் நாலைந்து விரலுக்கு மேல் பதிய முடியாது. பதிந்த ஐந்தில் எந்த விரலால் திறந்தாலும் டேப் திறக்கும், திறந்தவர் பெயர் எங்கும் எழுதப்படாது. அதோடு, மெருகு போடுகிறவர்களுக்கும் கம்பி வேலை செய்கிறவர்களுக்கும் விரல் நுனி ரேகை தேய்ந்திருக்கும். சென்சார் நாலு முறைக்கு ஒருமுறை ஏற்றால் பெரிது.

டேப்பைத் திறப்பது வேறு, பதிவில் பெயர் விழுவது வேறு. டேப் பூட்டுக்கு ஒரே பின் இருந்துவிட்டுப் போகட்டும். பெயரைச் செயலிக்குள் வாங்குங்கள். ஆளுக்கொரு லாகின் கொடுக்கும் ஸ்டாக் செயலி எதுவானாலும் சரி. அதில் மூன்று விஷயம் பாருங்கள். 2 நிமிடம் தொடாமல் இருந்தால் தானே வெளியேற வேண்டும். போட்ட பதிவை அழிக்க முடியாமல், திருத்தப் பதிவு மட்டுமே போட முடிய வேண்டும். தராசின் திரையைப் படம் எடுத்துப் பதிவோடு சேர்க்க முடிய வேண்டும்.

இப்போதைக்குச் செலவில்லாமல் ஒன்று செய்யலாம். ஷீட்டைத் தொழிலாளர்கள் கையிலிருந்து எடுத்துவிட்டு, கூகுள் ஃபார்ம் ஒன்றை வையுங்கள். அதன் வழியாகச் சேர்க்கத்தான் முடியும், பழையதைத் தொட முடியாது. ஒவ்வொரு வரியிலும் நேரம் தானே விழும். ஷீட் உங்கள் கணக்கில், உங்கள் போனில் மட்டும் இருக்கட்டும். ஃபார்மில் 'கொடுத்தவர்', 'வாங்கியவர்' என இரண்டு பெயரையும் கேளுங்கள். இருவரும் தராசு முன் நிற்கும்போதே பதிவு போட வேண்டும். மாலையில் மொத்தமாகப் போடும் பழக்கம் இருந்தால் எந்தச் செயலியும் உதவாது. 40 கிராம் கணக்குக்காக ஒருவரைச் சந்தேகிக்கும் முன், இந்த முறையில் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். ஒரே பின்னில் நடந்த பழைய பதிவை வைத்து யார் மீதும் பழி சொல்ல முடியாது.

கேள்வி: எஸ்டேட்டில் பழம் பறிப்பு எடையை டேப்பில் பதிகிறோம். காலையில் ஒரு ரைட்டர் (கணக்கு எழுதுபவர்), மதியம் இன்னொருவர், ஒரே டேப். களத்தில் சிக்னல் கிடையாது. காலையில் போட்ட எடைகள் சில நாள் மாலையில் ஆபீசுக்கு வந்து பார்த்தால் இருப்பதில்லை. செயலி கொடுத்தவர்களைக் கேட்டால் 'நெட்வொர்க் பிரச்சினை' என்கிறார்கள்.
— எஸ்டேட் ரைட்டர், சேர்வராயன் மலை

பதில்: சிக்னல் இல்லாததால் பதிவு தாமதமாகும், காணாமல் போகாது. காணாமல் போகிறது என்றால், ஆள் மாறும் நிமிடத்தில்தான் போகிறது. சிக்னல் இல்லாதபோது பதிவுகள் டேப்பிலேயே, அந்த ரைட்டரின் லாகினுக்குக் கீழே காத்திருக்கும். அவர் லாக்அவுட் செய்யும்போது, அடுத்தவர் பார்க்கக் கூடாதென்று பல செயலிகள் அந்த இடத்தைத் துடைத்துவிடும். அனுப்பியது, அனுப்பாதது என்று பிரித்துப் பார்க்காமல் துடைப்பதுதான் கோளாறு.

இதை நீங்களே சோதிக்கலாம். ஆபீசில் டேப்பை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். உங்கள் லாகினில் 'சோதனை 1', 'சோதனை 2' என இரண்டு எடை போட்டு லாக்அவுட் செய்யுங்கள். அடுத்த ரைட்டர் லாகின் செய்து ஓர் எடை போடட்டும். அவரும் வெளியேறிய பின் நீங்கள் மறுபடி உள்ளே போய்ப் பாருங்கள். உங்கள் இரண்டும் இருந்தால் செயலி சரி. இல்லையென்றால் கோளாறு நெட்வொர்க்கில் இல்லை. திரையை வீடியோ எடுத்துச் செயலி கொடுத்தவர்களுக்கு அனுப்புங்கள். டேப்பை மறுதொடக்கம் செய்தும் இதே சோதனையை ஒருமுறை செய்யுங்கள்.

சரிசெய்து தரும்வரை ஆளுக்கு ஒரு டேப் கொடுப்பதே நல்லது. அதற்கு வழியில்லையென்றால் 'அனுப்பக் காத்திருப்பவை: 0' என்று திரையில் வராமல் யாரும் லாக்அவுட் செய்யக் கூடாது. மதியம் ஆள் மாறுவதைக் களத்தில் செய்யாமல், சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்து செய்யுங்கள். இடத்தைக் காலிசெய்யும் 'கிளீனர்' செயலிகள் எதுவும் அந்த டேப்பில் இருக்கக் கூடாது. இரண்டு டேப் இருந்தால் பதிவு எண்ணுக்கு முன்னால் அ-1, ஆ-1 என்று டேப்பின் எழுத்து விழ வேண்டும். இல்லையேல் இரண்டிலும் 1, 2, 3 என்று ஓடி, ஆபீசில் சேரும்போது ஒன்றின் மேல் ஒன்று எழுதிக்கொள்ளும். தேதியையும் நேரத்தையும் சிக்னல் உள்ள இடத்தில் தினமும் காலையில் பாருங்கள். பேட்டரி முழுக்க இறங்கி எழுந்த டேப் சில சமயம் பழைய தேதியில் நிற்கும். அன்றைய எடை முழுவதும் வேறு நாள் கணக்கில் போய்விடும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான பறிப்புக் காலத்தில் மூடுபனியும் தொல்லை. திரையில் நீர்த்துளி நின்றால் டேப் அதை விரல் என்று எடுத்துக்கொள்ளும். 18 என்று தட்டியது 188 ஆகலாம். பருத்தித் துணி ஒன்றைக் கழுத்துப் பட்டையிலேயே கட்டிவிடுங்கள். எடையை ரைட்டர் வாய்விட்டுப் படித்து, பறித்தவர் சரி என்ற பிறகே 'சேமி' தட்ட வேண்டும். குளிரிலிருந்து வந்த டேப்பை அடுப்பு எரியும் அறைக்குள் கொண்டுபோனதும் சார்ஜில் போடாதீர்கள், உள்ளே வேர்த்திருக்கும். அரை மணி நேரம் கழியட்டும்.

கார்பன் தாள் வைத்த துண்டுச்சீட்டை நிறுத்திவிடாதீர்கள். அந்த எண் ஒரு பெண்ணின் அன்றைய கூலி. டேப் எதை இழந்தாலும் அவர் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும்.

கேள்வி: நாலு ஐபேட் வாங்கினோம். ஆண்ட்ராய்டு மாதிரி அதில் தனித்தனி யூசர் போடும் இடம் எங்கே இருக்கிறது?
— நடனப் பள்ளி, அழகாபுரம்

பதில்: சாதாரண ஐபேடில் அந்த இடமே இல்லை. 'ஷேர்டு ஐபேட்' என்ற வசதி பள்ளிகளுக்கு 2016-லும் நிறுவனங்களுக்கு 2020-லும் வந்தது. அதற்கு ஆப்பிளின் நிறுவனக் கணக்கு, எல்லாக் கருவிகளையும் ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தும் எம்டிஎம் எனப்படும் மேலாண்மைச் செயலி, ஆளுக்கொரு நிர்வகிக்கப்படும் ஆப்பிள் கணக்கு, குறைந்தது 32 ஜிபி சேமிப்பு எல்லாம் வேண்டும். ஐபேடை முழுக்க அழித்துத்தான் தொடங்க முடியும். நாலு ஐபேடுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. செட்டிங்ஸில் 'ஆக்சஸிபிலிட்டி' பகுதியில் 'கைடட் ஆக்சஸ்' இயக்குங்கள். வீடியோ செயலியைத் திறந்து, மேல் பட்டனை, பழைய மாடல் என்றால் ஹோம் பட்டனை, மூன்று முறை அழுத்தினால் அந்தச் செயலியை விட்டு யாரும் வெளியே போக முடியாது. ஆப்பிள் கணக்கு பள்ளியின் பெயரில் இருக்கட்டும். ஐகிளவுட் போட்டோஸை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: வரவேற்பறையில் விருந்தினர் விவரம் நிரப்ப ஒரு டேப்பைச் சுவரில் மாட்டி, எப்போதும் சார்ஜிலேயே வைத்திருக்கிறோம். ஒன்றரை வருடத்தில் பின்பக்கம் உப்பித் திரை தூக்கிக்கொண்டது. இன்னொரு புகார்: ஒரு விருந்தினர் எழுதத் தொடங்கியதும் முந்தையவருடைய போன் எண் கீழே வருகிறதாம்.
— தங்கும் விடுதி, ஏற்காடு

பதில்: உப்பிய டேப்பை இன்றே அணைத்துச் சார்ஜரைப் பிடுங்குங்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள், குப்பையில் போடாதீர்கள். மணல் போட்ட இரும்பு வாளியிலோ சிமெண்டுத் தரையிலோ வைத்து, மின்கழிவு எடுப்பவரிடம் ஒப்படையுங்கள். பேட்டரி நாள் முழுக்க 100 சதவீதத்தில் சூடாக இருந்தால் உள்ளே வாயு சேரும். அதுதான் உப்பக் காரணம்.

புது டேப்பில் 80 அல்லது 85 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் 'பேட்டரி புரொடெக்ஷன்' வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாத டேப்புக்கு, எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 24 மணி நேர டைமர் பிளக் போதும். 10 வாட் சார்ஜரில் சுமார் 5 வாட் எரியும் திரைக்கே போகும், மீதி 5 வாட் பேட்டரிக்கு. எனவே ஒரு மணி நேரம் ஆன், ஒரு மணி நேரம் ஆஃப் என்று வைத்து, 60 சதவீதத்தில் தொடங்கினால் பேட்டரி நடுவிலேயே ஆடிக்கொண்டிருக்கும். திரை வெளிச்சம் பாதிக்குக் கீழே இருக்கட்டும்.

போன் எண் விஷயம் இன்னும் அவசரம். விருந்தினர் முதல் பெட்டியில் '9' என்று தட்டுகிறார். நேற்று அறை எடுத்தவரின் முழு எண்ணும் கீழே நிற்கிறது. எண்ணை நினைவில் வைப்பவர்கள் இரண்டு பேர், பிரவுசரும் கீபோர்டும். இரண்டிலும் துடைக்க வேண்டும். குரோமில் மூன்று புள்ளியைத் தொட்டு, பிரவுசிங் டேட்டாவை அழிக்கும் இடத்தில் 'ஆட்டோஃபில்' உட்பட எல்லாவற்றையும், 'ஆல் டைம்' தேர்ந்தெடுத்து அழியுங்கள். பிறகு செட்டிங்ஸில் முகவரி சேமிப்பு, கார்டு சேமிப்பு, பாஸ்வேர்டு சேமிப்பு மூன்றையும் அணையுங்கள். கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் 'பிரைவசி' பகுதிக்குப் போய், கற்ற சொற்களை அழித்து, தனிப்பயனாக்கத்தையும் கிளிப்போர்டையும் அணையுங்கள். படிவத்தை இன்காக்னிட்டோவில் திறந்தால் புதிதாக எதுவும் சேராது.

திரையில் அந்தப் படிவத்தை மட்டும் நிறுத்த 'ஆப் பின்னிங்' உதவும். 'விடுவிக்கும் முன் பின் கேள்' என்பதை இயக்காவிட்டால் யாரும் வெளியே வந்துவிடுவார்கள். கரண்ட் போய் டேப் அணைந்து எழுந்தாலும் பின்னிங் போயிருக்கும். மலையில் கரண்ட் அடிக்கடி போகும் என்பதால், 60 விநாடி தொடாவிட்டால் படிவத்தை வெறுமையாக்கி, தானே எழுந்து நிற்கும் கியாஸ்க் பிரவுசர் (ஒரே பக்கத்தை மட்டும் காட்டும் பிரவுசர்) ஒன்றை வாங்குவதே மேல்.

கேள்வி: 40 டேப்பை ஓர் இரும்பு பீரோவில் வைத்து இரவு முழுக்கச் சார்ஜ் செய்கிறோம். 20 போர்ட் உள்ள சார்ஜர் இரண்டு. காலையில் பாதி டேப் 40 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. கரண்ட் போதவில்லையா?
— கணினி ஆசிரியர், ஓமலூர்

பதில்: கரண்ட் போதும். 40 டேப்புக்கு 10 வாட் வீதம் 400 வாட். சார்ஜரில் வீணாவதைச் சேர்த்தால் 480 வாட் வரலாம். 230 வோல்ட்டில் அது 2 ஆம்பியர் சொச்சம்தான்; 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் தாங்கும். குறை சார்ஜரில் இருக்கும். அதன் அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 'மொத்தம் 60 வாட்' என்றால் 20 போர்ட்டுக்குப் பங்கிட்டு டேப்புக்கு 3 வாட். 8,000 எம்ஏஎச் பேட்டரி சுமார் 30 வாட் மணி. 3 வாட்டில் 10 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 10 வாட்டில் நாலு மணி நேரத்துக்குள் முடியும். 20 போர்ட்டுக்கு 200 வாட் உள்ளது வாங்குங்கள், அல்லது பத்துப் பத்தாகப் பிரித்துப் போடுங்கள். கேபிளும் காரணமாகலாம். மெல்லிய, ஒன்றரை மீட்டர் மலிவுக் கேபிளை விட 30 செ.மீ. குட்டைக் கேபிள் நல்லது, சிக்காது.

ஆனால் மூடிய இரும்பு பீரோவில் ஆளில்லாத இரவில் சார்ஜ் செய்வதை நிறுத்திவிடுங்கள். 45 டிகிரிக்கு மேல் லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது. சேலத்து ஏப்ரல், மே மாதத்தில் ஓட்டுக் கட்டடத்து பீரோவுக்குள் அந்தச் சூடு எளிதில் வரும். கதவில் மேலும் கீழும் கம்பி வலை போட்ட ஜன்னல் வெட்டி, டேப்புக்கு டேப் இரண்டு விரல் இடைவெளி விட்டு நிறுத்தி வையுங்கள். காலை 7 முதல் 9, மாலை 4 முதல் 6 என்று ஆள் இருக்கும்போது சார்ஜ் செய்யலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சொருகாதீர்கள். கோடை விடுமுறைக்கு 50 சதவீதத்தில் அணைத்து, குளிர்ச்சியான அறையில் வைத்து, மாதம் ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: 30 டேப்பும் ஒன்றாகத் திறந்தால் முதல் பத்து நிமிடம் வைஃபை படுத்துவிடுகிறது. சில டேப்புக்கு 'ஐபி கிடைக்கவில்லை' என்று வருகிறது.
— பயிற்சி மையம், ஐந்து ரோடு

பதில்: இரண்டு வேறு கோளாறு. முதலாவது, திறந்ததும் முப்பதும் ஒரே நேரத்தில் செயலிகளைப் புதுப்பிக்க ஓடுகின்றன. பிளே ஸ்டோரில் தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்து, வெள்ளி மாலை ஐந்தைந்தாகச் செய்யுங்கள். இரண்டாவது, ஆண்ட்ராய்டு 10 முதல் டேப்கள் வைஃபைக்குத் தங்கள் நிஜ மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்) காட்டாமல் புனைமுகவரி காட்டும். ரீசெட் செய்த டேப் ரவுட்டருக்குப் புது ஆளாகத் தெரியும்; பழைய முகவரிக்கு ரவுட்டர் கொடுத்த ஐபி (வைஃபையில் ஒவ்வொரு டேப்புக்கும் கிடைக்கும் எண்) கெடு முடியும்வரை முடங்கிக் கிடக்கும். அந்த வைஃபையின் விவரத்தில் 'பிரைவசி' என்பதை 'டிவைஸ் மேக்' என்று மாற்றுங்கள். ரவுட்டரில் ஐபி வரம்பை விரித்து, கெடுவை 24 மணி நேரத்திலிருந்து 2 மணி நேரமாகக் குறையுங்கள். வீட்டு ரவுட்டர் 30 டேப்புக்குத் திணறும். வகுப்பறைக்கென்று ஓர் ஆக்சஸ் பாயின்ட் (தனி வைஃபை பெட்டி) போட்டு டேப்களை 5 கிகாஹெர்ட்ஸில் சேருங்கள்.

கேள்வி: வேலையை விட்டுப் போனவரின் ஜிமெயில் டேப்பில் மாட்டிக்கொண்டது. ரீசெட் செய்தால் அவர் பாஸ்வேர்டைக் கேட்கிறது.
— ஜவ்வரிசி ஆலை, ஆத்தூர்

பதில்: அவரையே கூப்பிட்டுப் பேசுங்கள். நேரில் வந்து ஒருமுறை பாஸ்வேர்டைத் தட்டினால் முடிந்தது. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முடியாதென்றால் வாங்கிய பில்லோடு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். 'அன்லாக் செய்து தருகிறோம்' என்று சொல்லும் வெளிக் கடைகளில் கொடுக்காதீர்கள். இனி டேப்பில் போகும் கணக்கு ஆலையின் பெயரில், மீட்பு எண் ஆபீஸ் சிம்மில் இருக்கட்டும்.

கேள்வி: எத்தனை டேப்புக்கு மேல் எம்டிஎம் வாங்க வேண்டும்? என்னென்ன பார்த்து வாங்குவது?
— ஜவுளி ஏற்றுமதி நிறுவனம், கொண்டலாம்பட்டி

பதில்: பத்தைத் தாண்டினால் வாங்கிவிடுங்கள், ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துச் சரிசெய்யும் நேரம் சந்தாவை விட விலை கூடியது. வாங்கும் முன் பிளே ஸ்டோரின் செட்டிங்ஸில் 'அபவுட்' பகுதியைத் திறந்து, டேப் 'சர்டிஃபைடு' என்று காட்டுகிறதா பாருங்கள். சான்று இல்லாத மலிவு டேப்பில் இந்த வேலை நடக்காது. சேர்ப்பது எளிது: ரீசெட் செய்த டேப்பின் வரவேற்புத் திரையில் ஒரே இடத்தை 6 முறை தட்டினால் க்யூஆர் ஸ்கேனர் திறக்கும், எம்டிஎம் தரும் குறியீட்டைக் காட்டினால் மீதியை அதுவே செய்துகொள்ளும். ஏற்கெனவே கணக்குப் போட்டு ஓடிக்கொண்டிருக்கும் டேப்பை அப்படிச் சேர்க்க முடியாது.

சேர்த்ததும் அனுமதித்த செயலிகள் மட்டும், புதுக் கணக்கு சேர்க்கத் தடை, ரீசெட்டுக்குத் தடை, புதுப்பிப்பு இரவில் மட்டும், வைஃபை பாஸ்வேர்டு தானாகப் போவது ஆகியவற்றை முதல் நாளே வையுங்கள். விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஷிஃப்ட் முடிந்து ஒருவர் வெளியேறும்போது அவர் விவரம் தானே அழிகிறதா? ஆண்ட்ராய்டு 9 முதல் டேப்பில் அதற்கு வழி இருக்கிறது. இணையம் இல்லாதபோது ஆள் மாற முடியுமா? தறி ஷெட்டில் வைஃபை போன இரவு ஷிஃப்டில் யாரும் உள்ளே நுழைய முடியாமல் போகக் கூடாது. சந்தா முடிந்தால் டேப் என்ன ஆகும்? பல கம்பெனி டேப்களில் பூட்டு அப்படியே நிற்கும், அதைத் திறக்கும் எம்டிஎம் பக்கம் உங்களிடம் இருக்காது. வேறு எம்டிஎம்முக்கு மாறுவதென்றால் பழைய சந்தா உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொரு டேப்பையும் விடுவித்துவிடுங்கள். முதலில் ஒரே ஒரு டேப்பை விடுவித்து, அது சரியாக எழுந்து நிற்கிறதா என்று பார்த்த பிறகு மற்றவற்றை.